எல்லாம் டிக்காஷன் செஞ்ச வேலை

நீங்க குடிங்கக்கா, எனக்கு வேண்டாம். கேட்டதே போதும். தப்பா நினைச்சுக்காதீங்க, நான் கொஞ்சம் இந்தப் பக்கமா திரும்பி உட்கார்ந்துக்கிறேன். பஸ் ஜன்னல் வழியா அந்தக் காப்பிக்காரன் பேப்பர் கப்பை நீட்டினான் பாருங்க, அப்பவே எனக்குக் குமட்டிருச்சு. மாசமா இருக்கியான்னு கேட்றாதீங்க, எல்லாரும் அதைத்தான் கேக்குறாங்க. அதெல்லாம் இல்ல. காப்பி வாடைன்னாலே எனக்கு ஆகாது. சாணி வாடை ஆகும், மீன் வாடை ஆகும், பாப்பா துணி வாடை ஆகும், இது மட்டும் ஆகாது. சீ.

நீங்க நாமக்கல் வரைக்குமா? நானும் அங்கதான், எங்க அம்மா வீடு. தம்பிக்கு நாளைக்கு நிச்சயம். நான்தான் போய்ப் பொண்ணுக்குப் பூ வைக்கணும். எங்க வீட்டு வழக்கத்துல மாப்பிள்ளையோட அக்கா தங்கச்சி வச்சாத்தான் அது பூ வச்சது. பெரியம்மா, சித்தி யார் வச்சாலும் கணக்குல வராது. எனக்கு ஒரே தம்பி, அவனுக்கு ஒரே அக்கா. அதனால நான் வர்றேனா இல்லையான்னு எங்கம்மாவுக்கு ஒரு மாசமா அதே கவலை. போன தடவை பாப்பாவுக்குக் காது குத்தக்கூட என்னால அங்க போக முடியல. இந்தத் தடவை பாருங்க, மடியில தூங்குதே இந்தப் பாப்பா, இதோட என்னைத் தனியா அனுப்பிட்டாரு. இப்ப என்னை ஏத்திவிட்டாரே, கட்டம் போட்ட சட்டை, அவருதான். பஸ்ஸுக்குள்ள ஏறி வந்து, முன்னாடி பின்னாடி பார்த்து, பொம்பளை பக்கத்துலதான் உட்காரணும்னு உங்க பக்கத்துல இடம் பிடிச்சுக் குடுத்துட்டு இறங்கினாரு. அவ்வளவு அக்கறை. ஆளு இப்ப முழுசா சரியாயிட்டாருக்கா. நடுவுல ஒரு சீசன் இருந்துச்சு பாருங்க, அதுக்கெல்லாம் காரணம் இந்தக் காப்பிதான்.

அவருக்குக் கல்யாண சமையல். பொன்னம்பலம் அண்ணன்னு ஒருத்தர் செட்டு வச்சிருக்காரு, அதுல வேலை. நான் கட்டிக்கிட்டு வந்தப்ப இவரு காய் வெட்டுறவரு. வெண்டைக்காயை இவரு வெட்டி வச்சா எல்லாம் ஒரே அளவா கிடக்கும், அவ்வளவு சுத்தம். எதுலயும் ஒழுங்கு பார்க்கிற ஆளு. கல்யாண ஆல்பம் வந்தப்ப எங்க மாமா பையன் என் பக்கத்துல நிக்கிற படம் ஒண்ணு இருந்துச்சு, அவனை மட்டும் அளவா வெட்டி எடுத்துட்டாரு. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. புதுசுல பாசம் அப்படித்தானே இருக்கும்.

போன தை மாசம் அந்த செட்டுல இருந்த காப்பி மாஸ்டர் வேற செட்டுக்குப் போயிட்டாரு. அண்ணன் இவரைக் கூப்பிட்டு, தனசேகரா, இனி நீ காப்பியைப் பார்த்துக்கன்னு சொல்லிட்டாரு. எங்க மாமியார் அன்னிக்கு ஊருக்கே சொன்னாங்க, என் மவன் மாஸ்டர் ஆயிட்டான்னு. நானும் சந்தோஷப்பட்டேன், பொய் சொல்லல.

அந்த வேலையில ஒரு வழக்கம் இருக்குக்கா. டிக்காஷன் ஒவ்வொரு ஈடா இறங்கும்ல, இறங்கினதும் முதல் டம்ளர் மாஸ்டர் குடிக்கணும். கல்யாண வீட்டுக்காரங்கள்ல ஒருத்தர் எதிர்ல நின்னு பார்ப்பாரு. இவரு குடிச்சு, தலையாட்டினாத்தான் பந்திக்குப் போகும். ருசி பார்க்கிறதுன்னா நாக்குல வச்சுப் பார்த்தா போதாதான்னு கேக்குறீங்களா? நானும் கேட்டேன். முழு டம்ளர் குடிக்காம வச்சா காப்பியில குறைன்னு அர்த்தமாம். கல்யாணத்துல அபசகுனமாம். அதனால விடியறதுக்கு முன்னால ஒரு ஈடு, மாப்பிள்ளை அழைச்சு வந்தா ஒரு ஈடு, டிபன் பந்திக்கு ஒவ்வொரு வரிசைக்கும் ஈடு, முகூர்த்தம் முடிஞ்சு ஒரு ஈடு. அத்தனைக்கும் இவரு முதல் டம்ளர். அதுவும் முதல் டிக்காஷன், தாரு மாதிரி இருக்கும். ஒரு நாள் நான் அந்த அண்டாவை எட்டிப் பார்த்தேன், அடியில வண்டல் படிஞ்சு, மேல எண்ணெய் மாதிரி ஒரு படலம் மினுமினுன்னு. சாக்கடையில பெட்ரோல் சிந்தினா நிறம் நிறமா ஓடும்ல, அதே மாதிரி. அதைத்தான் எல்லாரும் ஆகா ஆகான்னு குடிக்கிறோம். கருமம்.

கொஞ்ச நாள்ல கை நடுங்க ஆரம்பிச்சுச்சு. சட்டைப் பித்தான் போட முடியல, நான்தான் போட்டுவிடுவேன். நெஞ்சு மேல என் கையை வச்சுப் பாருன்னுவாரு, உள்ள யாரோ கதவைத் தட்டுற மாதிரி இருக்கும். படுத்தா தூக்கம் இல்ல. வேர்த்து ஊத்தும். அப்புறம் பயம் வந்துச்சு. முதல்ல சிலிண்டர் மேல வந்துச்சு. கேஸ் கசியுது, கேஸ் கசியுதுன்னு எழுந்து எழுந்து போய் மூடுவாரு. மூடினதை மூடுவாரு. அப்புறம் பாப்பா மேல வந்துச்சு. அது தூங்கும்போது மூக்குக்கிட்ட விரலை வச்சு மூச்சு வருதான்னு பார்ப்பாரு, அது முழிச்சுக்கிட்டு அலறும். அப்புறம் என் மேல வந்து உட்கார்ந்துச்சு. சிலிண்டரை மூடலாம். என்னை எப்படி மூடுறது?

நான் அப்ப வீட்டுலயே தைச்சுக்கிட்டிருந்தேன். முசிறியில ஒரு ஜவுளிக் கடையிலிருந்து சேலைக்கு ஃபால்ஸ் அடிக்க, பிளவுஸுக்கு ஊக்கு வைக்கக் குடுத்தனுப்புவாங்க. கொண்டு வர்றவரு தங்கவேலு ஐயான்னு ஒருத்தர். எங்கப்பாவை விட மூத்தவரு. முன்னாடி மூணு பல்லு கிடையாது, பேசினா பாதி காத்தாத்தான் வரும். வாசல்ல வண்டியை நிறுத்தி மூட்டையை இறக்கிட்டு, ஒரு சொம்பு தண்ணி குடிச்சுட்டுப் போவாரு. அவரை வச்சு இவரு கேக்குறாரு: அவன் எதுக்கு நம்ம வீட்டுச் சொம்புல தண்ணி குடிக்கிறான்? நான் சிரிச்சுட்டேன். அதுதான் நான் செஞ்ச தப்பு. எதுக்குச் சிரிச்ச, அவனை நினைச்சுச் சிரிச்சியான்னு அதுக்கு ஒரு கேள்வி. அன்னிக்குத்தான் என் கையைப் பிடிச்சு இழுத்ததுல வளையல் உடைஞ்சு இங்க கீறிடுச்சு. தழும்பு தெரியுதா? சின்னதுதான். கண்ணாடி வளையல்னா உடையத்தானே செய்யும்.

தையல் மிஷினைத் தூக்கிட்டுப் போய் அவங்க அக்கா வீட்டுல வச்சுட்டாரு. இன்னும் அங்கதான் இருக்கு. எடுத்துட்டு வந்துரலாம்னுதான் சொல்லிக்கிட்டிருக்காரு, வண்டி அமைய மாட்டேங்குது.

இதுல அசிங்கம் என்னன்னா, அப்ப அவருக்கு நாங்க என்ன வைத்தியம் பண்ணினோம் தெரியுமா? காப்பி. ஆமாக்கா. அவரு நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு வந்து உட்கார்ந்தாருன்னா எங்க மாமியார், புள்ளை களைச்சுப் போயி வந்திருக்கு, ஒரு வாய் காப்பி போட்டுக் குடும்மான்னுவாங்க. நானும் ஓடிப்போய்ப் போட்டுக் குடுப்பேன். கூடக் கொஞ்சம் பொடி அள்ளிப் போட்டு, திக்கா, பித்தளை டம்ளர்ல ஆத்தி. அவரு குடிச்சுட்டு இன்னும் நடுங்குவாரு. நடுங்குதேன்னு மறுபடி ஒண்ணு. தீ எரியுதுன்னு மண்ணெண்ணெய் ஊத்தி அணைச்ச கதை.

மாமியார் ஒரு கோடாங்கிக்கிட்டயும் கூட்டிட்டுப் போனாங்க. அந்தாளு உடுக்கையை அடிச்சு, இது பொம்பளை செஞ்ச வேலைன்னு என்னைப் பார்க்கிறான். என் இடுப்புல பாப்பா, வாயில விரலை வச்சுக்கிட்டு அவனையே பார்க்குது. எலுமிச்சம்பழத்தை நசுக்கி, சாம்பலோட பிசைஞ்சு, அதை அவரு நாக்குல தடவி, மிச்சத்தை எனக்கும் நீட்டினான். அவன் நகத்துல அழுக்கு எப்படி இருந்துச்சுன்னு சொன்னேன்னா நீங்க இன்னிக்குச் சாப்பிட மாட்டீங்க. நான் வாயைத் திறக்கல. அதுக்கு மாமியார் ஒரு வாரம் பேசினாங்க. திரும்பி வர்ற வழியில பஸ் ஸ்டாண்டுல இறங்கி எல்லாரும் என்ன குடிச்சோம்னு நினைக்கிறீங்க? அதேதான்.

வைகாசியில ஒரு பெரிய கல்யாணம். முகூர்த்தம் முடிஞ்ச கையோட இவரு காப்பி அடுப்புக்கு முன்னாலயே சரிஞ்சு விழுந்துட்டாரு. மார் வலிக்குது, நான் போறேன், பாப்பாவைப் பார்த்துக்கங்கன்னு சொன்னாராம். பாத்திரம் ஏத்துற வண்டியிலயே படுக்க வச்சு பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போனாங்க. நான் போய்ச் சேர்றப்ப மார்ல வயரெல்லாம் ஒட்டிக் கிடக்காரு. என் உசுரு என்கிட்ட இல்ல. எனக்கு அப்ப ஒண்ணே ஒண்ணுதான் தோணுச்சு, இவரு பிழைச்சு வந்து என்னை எவ்வளவு திட்டினாலும் பரவாயில்லன்னு.

ஹார்ட்டுல ஒண்ணும் இல்லைன்னுட்டாங்க. ஒரு லேடி டாக்டர், சின்ன வயசுதான், என் வயசு இருக்கும். அவங்க உட்கார்ந்து பொறுமையா கேட்டாங்க. என்ன வேலை, என்ன சாப்பிடுவீங்க, எத்தனை காப்பின்னு. இவரு சொன்ன கணக்கைக் கேட்டுட்டு அந்தம்மா பேனாவைக் கீழ வச்சுட்டாங்க. அப்புறம் எனக்கு விளக்கினாங்க பாருங்க, நான் பத்தாவது வரைக்கும்தான் படிச்சது, எனக்கே பளிச்சுன்னு புரிஞ்சுச்சு. உங்களுக்கும் சொல்றேன்.

நாம முழிச்சிருக்க முழிச்சிருக்க மூளைக்குள்ள அடினோசின்னு ஒண்ணு சேர்ந்துக்கிட்டே வருமாம். அது போய் உட்கார்றதுக்குன்னு மூளையில சீட்டு இருக்காம். அது உட்கார்ந்தாத்தான், போதும்டா, வேலையை நிறுத்து, படுன்னு உடம்புக்கு உத்தரவு போகும். காப்பியில இருக்கிற கஃபீன் இருக்கே, அது பார்க்க இதே ஜாடையாம். என்ன பண்ணும்னா, நம்ம ஊர் பஸ்ஸுல ஜன்னல் வழியா துண்டு போட்டு இடம் பிடிப்பானுங்கல்ல, அந்த மாதிரி ஓடிப்போய் அந்த சீட்டைப் பிடிச்சுக்கும். பிடிச்சுட்டு அந்த வேலையையாவது செய்யுமா? செய்யாது. சும்மா மறிச்சுக்கிட்டு இருக்கும். உட்கார வேண்டியது நின்னுக்கிட்டே வரும். களைப்பு எங்கயும் போகல, களைப்புன்னு தெரியல, அவ்வளவுதான். துண்டு போட்ட கதை என் சொந்தச் சரக்கு. டாக்டரம்மா வேற ஏதோ பூட்டு சாவின்னு சொன்னாங்க, இதுதான் எனக்கு வசதியா இருக்கு.

அடக்குறதுக்கு ஆளில்லாம போச்சா, அதோட அட்ரினலின்னு ஒண்ணு கூடிக்குமாம். நாய் துரத்தினா உடம்புல ஜிவ்வுன்னு ஏறும்ல, அது. இங்க நாயே இல்ல, ஆனா ஏறிடுச்சு. நெஞ்சு அடிக்குது, கை நடுங்குது, வேர்க்குது, உடம்பு ஓடத் தயாரா நிக்குது. அப்ப மனசு சும்மா இருக்குமா? நாய் எங்க, நாய் எங்கன்னு தேடுமாம். தேடி, பக்கத்துல எது இருக்கோ அதை நாயாக்கிடுமாம். எங்க வீட்டுல என்ன இருந்துச்சு? சிலிண்டர் இருந்துச்சு, பாப்பா இருந்துச்சு, நான் இருந்தேன்.

அதைக் கேட்டதும் எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமாக்கா? தலையிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வச்ச மாதிரி இருந்துச்சு. அப்ப அவரு என்னைக் கேட்டது அவரு கேட்டதில்ல. அந்தக் கருப்புத் தண்ணி கேட்டது.

அதோட விட்டிருந்தா அந்த டாக்டரம்மாவுக்குக் கோயில் கட்டியிருப்பேன். விடல. எல்லாருக்கும் இவ்வளவு தூரம் போகாதும்மா, ஏற்கெனவே உள்ள இருக்கிற பயத்தை, சந்தேகத்தைத்தான் இது கிளறிவிடும்னு ஆரம்பிச்சாங்க. காப்பியை ஒரேயடியா நிறுத்தாம மெல்ல மெல்லக் குறைக்கணும், மனநல டாக்டர் ஒருத்தர் இருக்கார், அவரையும் போய்ப் பார்க்கணும்னாங்க. என்னத்துக்கு? காரணம் கிடைச்சாச்சு, மருந்தும் கிடைச்சாச்சு. அப்புறம் என்னை மட்டும் தனியா கூப்பிட்டு, கதவைச் சாத்திட்டு, இந்தத் தழும்பைப் பார்த்தாங்க. பார்த்துட்டு மெதுவா கேட்டாங்க:

"வீட்டுல உன்னை அடிக்கிறாரா?"

எனக்கு அருவருப்பா போச்சு. படிச்சவங்க, எவ்வளவு நல்லா பேசினவங்க, கடைசியில புத்தி எங்க போகுது பாருங்க. இது வளையல் உடைஞ்சது டாக்டர்னேன். அப்பவும் விடாம, எப்ப வேணும்னாலும் வா, நான் இங்கதான் இருப்பேன்னாங்க. எதுக்கு வரணும்? நான் அந்தப் பக்கமே போகல.

வீட்டுக்கு வந்த அன்னிக்கே காப்பிப் பொடி டப்பாவைக் கொண்டுபோய் எருக்குழியில கொட்டினேன். எங்க வீட்டுல சீரா குடுத்த பித்தளை ஃபில்டர், அதையும் பழைய பாத்திரக்காரன்கிட்ட போட்டுட்டேன். மெல்லக் குறைக்கிறதாவது, விஷத்தை யாராவது மெல்லக் குறைப்பாங்களா? ஒரே வெட்டு. அதுக்கு ஒரு வாரம் அவரு பட்ட தலைவலி இருக்கே, அதை நான் சொல்லணும். வெளிச்சம் ஆகாது, சத்தம் ஆகாது, பாப்பா சிணுங்கினா ஆகாது. ஒரு நாள் குழம்புச் சட்டியைத் தூக்கி எறிஞ்சாரு. என் மேல எறியல, நான்தான் அந்தப் பக்கம் நின்னேன். காப்பி போகும்போது சும்மா போகுமா, வேரோட பிடுங்கினா வலிக்கத்தானே செய்யும்.

அப்புறம் பொன்னம்பலம் அண்ணன்கிட்ட நானே போய் நின்னேன். அண்ணே, எங்க வீட்டுக்காரருக்கு இந்த மாஸ்டர் பட்டம் வேண்டாம், பழையபடி காயே வெட்டட்டும்னேன். அவரு நல்ல மனுஷன், சரின்னுட்டாரு. ஆனா அவருகிட்ட நான் நேர்ல போய்ப் பேசினதுல இவருக்குக் கொஞ்சம் வருத்தம். அது அப்ப உடம்புல மிச்சம் மீதி இருந்த காப்பி.

இப்பப் பாருங்க, வீட்டுல சுக்குமல்லிதான். கை நடுங்கறதில்ல, அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குறாரு, சிலிண்டர் பக்கமே போறதில்ல. நான் கடைக்குப் போகணும்னா அவரே கூட வர்றாரு. பக்கத்து வீட்டுல பேசப் போனா, எதுக்கு வெயில்ல போறேன்னு கதவைச் சாத்தி வைக்கிறாரு. எங்க மாமியாரே சொல்றாங்க, உன்னைக் கண்ணுக்குள்ள வச்சுப் பார்த்துக்கிறான்னு. ஊரு உலகத்துல பொண்டாட்டியை எவன் இப்படி...

இருங்கக்கா, அவருதான். வீடியோவுல வர்றாரு.

ஆங், சொல்லுங்க. பஸ்ஸுலதாங்க. இப்பத்தான் தொட்டியம் வரப் போவுது. இல்லையே, யாரும் இல்ல, ஆம்பளைக் குரலா? அது கண்டக்டருங்க, டிக்கெட் கேட்டு வந்தாரு. சிரிச்சேனா? எப்ப? இல்ல, அக்காகிட்டப் பேசிக்கிட்டு வந்தேன். காப்பியைப் பத்திங்க. சத்தியமா. இருங்க, காட்டுறேன்.

அக்கா, கொஞ்சம் இந்தப் பக்கம் பாருங்க. ஒரு வார்த்தை பேசிடுங்க, பொம்பளைக் குரல் கேட்டா போதும். சும்மா நல்லா இருக்கீங்களான்னு கேளுங்க.

ம்... பார்த்தீங்களா? நீங்கதானே இடம் பிடிச்சுக் குடுத்தீங்க? ம். ம். நாளைக்குப் பூ வைக்கணும்ல, அம்மா எல்லாம் வாங்கி வச்சிருக்காங்க... சரி. சரி சரி, சத்தம் போடாதீங்க, எல்லாரும் பார்க்கிறாங்க. இல்ல, பேசல. தொட்டியத்துல இறங்கிக்கிறேன். எதிர்ப்பக்கம் நின்னு முதல் பஸ் பிடிச்சு வந்துடறேன். வச்சுடறேன்.

கண்டக்டர் அண்ணே, தொட்டியத்துல ஒரு ஆள் இறங்கணும்.

பார்த்தீங்களாக்கா? அரை மணி நேரத்துக்கு முன்னால எப்படி ஏத்திவிட்டாரு. தெளிஞ்ச தண்ணி மாதிரி இருந்த மனுஷன். காலையில தலை வலிக்குதுன்னாரு, வழியில எவனோ மாத்திரை வாங்கிக் குடுத்திருக்கான், எனக்குத் தெரிஞ்சு போச்சு. சில தலைவலி மாத்திரையிலயும் இந்தச் சனியனைப் போடுறாங்களாம், டாக்டரம்மா சொல்லியிருக்காங்க. அது எங்கயெல்லாம் போய் ஒளிஞ்சுக்கிட்டு இருக்கு பாருங்க. சீ. போனதும் முதல்ல அவரு சட்டைப் பையைத் தேடணும்.

பூவா? அதை எங்கம்மா யாரையாவது வச்சு வைக்கச் சொல்லிடுவாங்க. பொண்ணு வீட்டுல கேட்டா எனக்குக் காய்ச்சல்னு சொல்லட்டும். கல்யாணத்துக்கு ஆவணி வரைக்கும் இருக்கு. அதுக்குள்ள மாத்திரையையும் நிறுத்திட்டேன்னா கண்டிப்பா விடுவாரு.

என்னக்கா அப்படிப் பார்க்கிறீங்க? நான் நல்லாத்தான் இருக்கேன். ஐயோ, நம்பரெல்லாம் எழுத வேண்டாம். புது நம்பர் இருந்தா அது யாருதுன்னு வேற ஒரு கேள்வி வரும், பாவம் அவரு உடம்புக்கு ஆகாது. பாப்பாவை மட்டும் கொஞ்சம் பிடிச்சுக்கங்க, நான் பையோட முதல்ல இறங்கிட்டுக் கை நீட்டுறேன். குடுங்க, குடுங்க, தூக்கத்துல இருக்கு, அழாது. அதுக்கு எங்க இறக்கினாலும் தூங்கத் தெரியும்.